தியோனிசியுவை வாசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழி

கிறிஸ்தவ மறைஞானம் பற்றிய நூல் எதைப் புரட்டினாலும் சில பக்கங்களுக்குள் ‘போலி தியோனிசியு’ என்ற பெயர் வந்துவிடும். தாமஸ் அக்வினாஸ் அவரை ஓயாமல் மேற்கோள் காட்டுகிறார். ஜெர்மானிய மறைஞானி எக்கார்ட்டின் சிந்தனையில் அவர் ஊறிக் கிடக்கிறார். தாந்தே தன் காவியத்தில் அவருக்கு வானுலகிலேயே இடம் கொடுத்திருக்கிறார். அவர் யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், புனித பவுலின் நேரடிச் சீடர் என்றே உலகம் அவரை நம்பியது. இன்று ஆய்வாளர்கள் அவரை 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்லது 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கிறார்கள்.

புதிதாக வருபவர்கள் இரண்டு இடங்களில் வழி தவறுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் ‘ஆசிரியர் யார்’ என்ற துப்பறியும் கதையிலேயே தங்கிவிடுகிறார்கள். நூலைத் திறப்பதே இல்லை. வேறு சிலர் பெயர்ச் சிக்கலை ஒதுக்கிவிட்டு நேராகத் ‘தெய்வீக இருள்’ என்ற சொல்லில் இறங்கி, அந்தச் சொற்களெல்லாம் எந்த மெய்யியல் பள்ளியிலிருந்து வந்தவை என்று தெரியாமலேயே கரையேறிவிடுகிறார்கள். இந்த இரண்டு கேள்விகளையும் பிரிக்கக் கூடாது என்பதே என் கட்சி. அவர் எந்தக் காலத்தவர் என்று காட்டிக்கொடுத்தது அவருடைய மெய்யியல்தான். அதனால் நூலும் புதிரும் மாறி மாறி வரும்படி இந்த வரிசையை அமைத்திருக்கிறேன்.

‘போலி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பேச்சுவழக்கில் அது ஏமாற்று. நம் இலக்கணத்தில் அதற்கு வேறு பொருள் உண்டு: ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாமல் இருப்பது போலி. நிலம் நிலன் ஆவதும், அறம் அறன் ஆவதும் அப்படித்தான். இந்த ஆசிரியரின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது இரண்டு பொருளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எது பொருந்தும் என்பதை வாசித்து முடித்தபின் நீங்களே முடிவு செய்யலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தமிழ் விவிலியம். தியோனிசியுவின் நூல்தொகுதி, ஆங்கில மொழிபெயர்ப்பில். ஒரு நோட்டுப் புத்தகம்.

மொழிபெயர்ப்பில் கொஞ்சம் கவனம் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் ஜான் பார்க்கர் 1897-லும் 1899-லும் வெளியிட்டது. உழைத்துச் செய்த வேலை. ஆனால் இந்த நூல்களைப் பவுலின் சீடரே எழுதினார் என்று உறுதியாக நம்பியவர் அவர். அந்த நம்பிக்கை முன்னுரையில் வாதமாகவே வரும். காசு கொடுத்து வாங்க முடிந்தால் காம் லூய்பெய்டும் பால் ரோரமும் சேர்ந்து செய்து 1987-ல் வந்த முழுத்தொகுப்பை வாங்குங்கள். ஓட்டமாக வாசிக்கலாம், அடிக்குறிப்புகள் உதவும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ‘விவிலியம்’, வலப்பக்கம் ‘பிளேட்டோ வழி’. வாசிக்கும்போது எந்தப் படிமம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். பத்து நாளில் அந்த நோட்டுதான் உங்களுக்கு ஆசிரியராக இருக்கும்.

முதல் படி: ஏதென்ஸ் மேடை

திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். பவுல் ஏதென்ஸ் நகரத்துக்கு வருகிறார். தெருவில் ஒரு பலிபீடத்தில் ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறார். அரயோபாகு மன்றத்தில் நின்று, நீங்கள் அறியாமல் வணங்கும் அவரையே நான் அறிவிக்கிறேன் என்று பேசுகிறார். பழைய தமிழ் விவிலியத்தில் அந்த இடத்துக்கு ‘மார்ஸ் மேடை’ என்று பெயர். கேட்டவர்களில் சிலர் கேலி செய்கிறார்கள். சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்கிறார்கள். 34-ஆம் வசனத்தில் நம்பினவர்களில் இருவர் பெயர் மட்டும் வருகிறது: மன்றத்து உறுப்பினர் தியோனிசியு, தாமரி என்ற பெண்.

அந்தத் தியோனிசியுவைப் பற்றி விவிலியம் சொல்வது அவ்வளவே. பின்னால் வந்த ஓர் எழுத்தாளர் இந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று இங்கேயே யோசித்துப் பாருங்கள். கிரேக்க மெய்யியலின் தலைநகரம், அங்கே ஒரு திருத்தூதர், அறியப்படாத கடவுள், அந்தப் பேச்சைக் கேட்டு மனம் மாறிய ஓர் ஏதென்ஸ்காரர். அவர் எழுதப் போவது முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இரண்டாம் படி: மிகச் சிறிய நூலை ஒரே அமர்வில்

தொகுதியில் நான்கு நூல்களும் பத்துக் கடிதங்களும் உண்டு. ‘இறைப் பெயர்கள்’ 13 அதிகாரம். ‘வானகப் படிநிலை’ 15. ‘திருச்சபைப் படிநிலை’ 7. ‘மறைபொருள் இறையியல்’ வெறும் 5. கடைசியில் சொன்ன நூலிலிருந்து தொடங்குங்கள். சில பக்கங்கள்தான். புரிகிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒருமுறை நேராக வாசித்துவிடுங்கள். பிறகு மெதுவாக இரண்டாம் முறை.

முதல் அதிகாரத்தில் மோசே சீனாய் மலை ஏறுகிறார். தூய்மை பெறுகிறார், கூட்டத்தை விட்டுப் பிரிகிறார், எக்காள ஒலி கேட்கிறார், ஒளிகளைக் காண்கிறார், உச்சிக்குப் போகிறார். அங்கேயும் அவர் காண்பது கடவுளை அல்ல, கடவுள் இருக்கும் இடத்தை. அதன்பின் அறியாமையின் இருளுக்குள் நுழைகிறார். நோட்டில் இடப்பக்கம் ‘விடுதலைப் பயணம்’ என்று எழுதுங்கள்.

இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சிற்பி. கல்லில் புதிதாக எதையும் சேர்க்காமல், மறைப்பதை மட்டும் செதுக்கி எறிந்து உள்ளே இருக்கும் உருவை வெளிக்கொண்டு வருகிறார். அது வலப்பக்கத்துக்குப் போக வேண்டியது. ஏன் என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

மூன்றாவதில் ஓர் அழகான கணக்கு வருகிறது. கடவுளிடமிருந்து கீழே இறங்கி வரும்போது சொற்கள் பெருகிக்கொண்டே போகின்றன. மேலே ஏறும்போது சுருங்குகின்றன. உச்சியில் பேச்சே நின்றுவிடுகிறது. அவருடைய நூல்களின் அளவே இந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது: பெயர்களைப் பற்றிய நூல் பெரிது, பெயர் கடந்ததைப் பற்றிய நூல் சிறிது.

நான்கிலும் ஐந்திலும் மறுப்புகள் அடுக்கடுக்காக வருகின்றன. அது உடல் அல்ல, உருவம் அல்ல. அது ஆன்மா அல்ல, அறிவு அல்ல. எண் அல்ல, ஒழுங்கு அல்ல. நிற்பதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒன்றும் அல்ல, ஒருமையும் அல்ல. நாம் அறிந்த பொருளில் மகன்மையோ தந்தைமையோ அல்ல. இருளும் அல்ல, ஒளியும் அல்ல. இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். கடைசி வாக்கியத்தைத் தவறவிடாதீர்கள். அது எல்லா உடன்பாட்டுக்கும் அப்பால் இருக்கிறது. எல்லா மறுப்புக்கும் அப்பாலும் இருக்கிறது என்று முடிக்கிறார். ‘இல்லை’ என்று சொல்லியும் அவரைப் பிடித்துவிட முடியாது. தியோனிசியுவை ‘எதிர்மறை இறையியல்காரர்’ என்று சுருக்கிச் சொல்பவர்கள் இந்த வாக்கியத்தை மறந்தவர்கள்.

உபநிடதத்தின் ‘நேதி நேதி’ (இதுவல்ல, இதுவல்ல) உங்களுக்கு நினைவுக்கு வரும். வரட்டும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்துவிட்டு மேலே போங்கள். ஒப்பீடு பிறகு செய்யலாம். இப்போதே செய்தால் இவர் சொல்வதைக் கேட்காமல் நாம் ஏற்கெனவே அறிந்ததையே திரும்பக் கேட்போம்.

மூன்றாம் படி: நவபிளேட்டோனியம், தேவையான அளவு

பிளேட்டோவின் சிந்தனையைப் புதிதாக விரித்த பள்ளிதான் நவபிளேட்டோனியம். அதை முழுதாகக் கற்றுவிட்டு வருவோம் என்று கிளம்பினால் இந்தப் பிறவி போதாது. இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாமவர் புளோட்டினஸ். 270-ல் இறந்தவர், ரோமில் கற்பித்தவர். அவருடைய 54 கட்டுரைகளை மாணவர் போர்பிரி ஆறு ஒன்பதுகளாக அடுக்கினார். ‘ஒன்பதுகள்’ என்பதே தொகுப்பின் பெயர். எல்லாவற்றுக்கும் மூலம் ‘ஒன்று’. அதிலிருந்து பேரறிவு, பேரறிவிலிருந்து ஆன்மா, அதன் கீழே நாம் காணும் உலகம். ஊற்று குறையாமல் ஆறு வழிவது போல. அழகைப் பற்றிய கட்டுரையை, முதல் ஒன்பதில் ஆறாவதை, மட்டும் வாசியுங்கள். அதன் ஒன்பதாம் பகுதியில், உன் அழகை நீ காணவில்லையென்றால் சிலை செதுக்குபவனைப் போல வேண்டாததை வெட்டி எறி என்கிறார். நம் சிற்பி அங்கிருந்து வந்தவர்தான்.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறாதீர்கள். புளோட்டினஸிடம் செதுக்கப்படுவது என் ஆன்மா. தியோனிசியுவிடம் செதுக்கி எறியப்படுவது கடவுளைப் பற்றிய என் சொற்கள். கடன் வாங்கிய படிமம் கைமாறும்போது வேலையும் மாறிவிடுகிறது.

இரண்டாமவர் புரோக்ளஸ், 412 முதல் 485 வரை. ஏதென்ஸ் பள்ளியின் தலைவர். கிறிஸ்தவர் அல்லர், பழைய தெய்வங்களுக்குப் பாடல் எழுதியவர். அவருடைய ‘இறையியல் மூலங்கள்’ 211 கூற்றுகளாக, வடிவக்கணிதம் போல நிறுவிக்கொண்டே போகும். அதிலிருந்து மூன்று சொற்களை மனப்பாடம் செய்யுங்கள்: நிலைத்தல், புறப்படுதல், திரும்புதல். விளைவு தன் காரணத்தில் நிலைத்திருக்கிறது, அதிலிருந்து புறப்படுகிறது, அதற்கே திரும்புகிறது. தியோனிசியுவின் எந்தப் பக்கத்திலும் இந்த மூன்றும் மூச்சுக்காற்றுப் போல ஓடிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: ‘இறைப் பெயர்கள்’, முதல் நான்கு அதிகாரம்

பெரிய நூல் இது. நான்கு அதிகாரம் போதும், ஆனால் அவசரப்படக் கூடாது. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் அதிகாரத்தில் செபத்துக்கு அவர் கொடுக்கும் உவமை என்னை விட்டு இதுவரை போகவில்லை. படகில் இருக்கிறோம். கரையில் உள்ள பாறையில் கட்டிய கயிறு நம் கைக்கு வந்திருக்கிறது. பிடித்து இழுக்கிறோம். பாறை நம்மிடம் வருவதில்லை; நாமும் படகும்தான் பாறையிடம் போகிறோம்.

நான்காம் அதிகாரம்தான் மையம். நன்மை, ஒளி, அழகு, காதல் என்று பெயர்கள் வருகின்றன. ‘அழகு’ என்ற கிரேக்கச் சொல்லை ‘அழைக்கிறது’ என்ற சொல்லோடு இணைக்கிறார். பிளேட்டோவின் பழைய சொல்விளையாட்டு. காதல் வேட்கையைக் குறிக்கும் ‘எரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைக் கடவுளுக்குப் பெயராகக் கூசாமல் கொடுக்கிறார். அதோடு நிற்கவில்லை: காதல் தன்னைவிட்டு வெளியே வர வைக்கும், கடவுளும் தன் காதலால் தன்னைவிட்டு வெளியே வந்து எல்லாப் பொருளிலும் புகுகிறார் என்கிறார். புளோட்டினஸின் ‘ஒன்று’ ஊற்றாக வழியும். தன்னை மறந்து வெளியே வராது. நவபிளேட்டோனியத்தை இவர் அப்படியே நகல் எடுத்தார் என்று யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

நேரமிருந்தால் ஐந்தாம் அதிகாரத் தொடக்கத்தையும் பாருங்கள். புரோக்ளஸிடம் இருப்பு, உயிர், அறிவு ஆகியவை படிப்படியான தனித்தனி தெய்வத் தளங்கள். தியோனிசியு அதை வெளிப்படையாக மறுக்கிறார்: நன்மை ஒருவர், இருப்பு இன்னொருவர் என்று நான் சொல்லவில்லை; எல்லாம் ஒரே கடவுளின் பெயர்கள். பல தெய்வங்கள் இருந்த இடத்தில் ஒரே கடவுளின் பல பெயர்கள் வந்து அமர்கின்றன. நூலின் தலைப்பே அந்த மாற்றத்தைத்தான் சொல்கிறது.

இனி அதே நான்காம் அதிகாரத்தின் பிற்பகுதி. 18 முதல் 35 வரை உள்ள பகுதிகள் திடீரென்று தீமையைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றன. தீமைக்குச் சொந்த இருப்பு இல்லை. நன்மையின் மேல் ஒட்டிக்கொண்டுதான் அது நிற்க முடியும். பேய்களும் இயல்பிலேயே தீயவை அல்ல. விலங்குகளும் அல்ல: எல்லோரிடமும் குழைகிற நாய் நாயே அல்ல, வீட்டாரை விட்டுப் பிறரை விரட்டுவதுதானே காவல் என்கிறார். உடலும் தீயது அல்ல, சடப்பொருளும் அல்ல. வாதம் கறாராக, பள்ளிக்கூட வகுப்பு மாதிரி நடக்கிறது. முன்பாதியின் நடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் காதுக்கே தெரியும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

ஐந்தாம் படி: புதிரை நீங்களே அவிழ்த்துப் பாருங்கள்

முதலில் அவர் தன்னைப் பற்றிச் சொல்வதைத் தொகுங்கள். நூல்களைத் திமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஏழாம் கடிதத்தில், இயேசு சிலுவையில் இருந்த நேரத்துக் கிரகணத்தை ஹெலியோபொலிஸ் நகரிலிருந்து நண்பர் அப்பொல்லோபானேசுடன் பார்த்ததாகச் சொல்கிறார். ‘இறைப் பெயர்கள்’ மூன்றாம் அதிகாரத்தில், பேதுருவும் யாக்கோபும் உடனிருக்க ஒரு திருவுடலைக் காணச் சென்றதை நினைவுகூர்கிறார். மரியாவின் இறுதி நேரம் என்றே மரபு அதை வாசித்தது. பத்தாம் கடிதம் பத்மு தீவில் இருக்கும் யோவானுக்கு.

இப்போது எதிர்ச்சான்று. சிலவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். முதல் நான்கு கடிதங்கள் காயு என்ற துறவிக்கு எழுதியவை. முதல் நூற்றாண்டுத் திருச்சபையில் துறவியர் என்ற தனி வகுப்பு ஏது? ‘இறைப் பெயர்கள்’ நான்காம் அதிகாரத்தில் அந்தியோக்கியா இக்னாசியுவின் ‘என் காதல் சிலுவையில் அறையப்பட்டிருக்கிறது’ என்ற வரியை எடுத்தாள்கிறார். இக்னாசியு அதை எழுதியது 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மறைசாட்சியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில். ‘திருச்சபைப் படிநிலை’ காட்டும் வழிபாட்டில் விசுவாச அறிக்கை பாடப்படுவதாகத் தெரிகிறது. அந்தப் பழக்கம் அந்தியோக்கியாவில் 476-ஐ ஒட்டி வந்தது. தன் ஆசான் ஹியரோத்தேயு என்பவர் ஒரு நூல் எழுதியதாகச் சொல்கிறார். அதன் தலைப்பைப் பாருங்கள்: ‘இறையியல் மூலங்கள்’. புரோக்ளஸின் நூலுக்கும் அதே பெயர். வேண்டுமென்றே வாசகருக்கு அவர் விட்டுச்சென்ற சைகையோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

வெளிச்சான்று இன்னும் எளிது. 6-ஆம் நூற்றாண்டுக்கு முன் இந்த நூல்களை யாரும் மேற்கோள் காட்டவில்லை. முதலில் எடுத்தாண்டவர்களில் ஒருவர், கிறிஸ்துவுக்கு ஒரே இயல்பு என்ற தரப்பின் தலைவரான அந்தியோக்கியாவின் செவேரு. 532-ல் கான்ஸ்டான்டிநோபிளில் நடந்த உரையாடலில் செவேரு தரப்பினர் தியோனிசியுவைச் சான்றாக நீட்டியபோது, எபேசு ஆயர் ஹிப்பாத்தியு கேட்டது இதுதான்: இவை உண்மையாக இருந்தால், முந்தைய நூற்றாண்டுகளின் பெரும் ஆசிரியர்களான அத்தனாசியுவும் சிரிலும் இவற்றை அறியாமல் போனது எப்படி? நூல் வெளிச்சத்துக்கு வந்த உடனேயே சரியான கேள்வி பிறந்துவிட்டது. ஆனால் ஸ்கித்தோபொலிஸ் யோவான் போன்றவர்கள் உரை எழுதி நூலைக் காப்பாற்றினார்கள். பின்னர் 7-ஆம் நூற்றாண்டு இறையியலார் மாக்சிமு அதற்குத் திருச்சபைக்குள் நிலையான இடம் தேடிக்கொடுத்தார்.

மேற்கில் ஐயம் திரும்பவும் எழுந்தது 15-ஆம் நூற்றாண்டில். 1457-ல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா எழுதிய புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளை டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1505-ல் அச்சேற்றினார். அரயோபாகு உறுப்பினர் என்றால் நீதிபதி, மெய்யியலார் அல்ல என்பது வல்லாவின் எளிய வாதங்களில் ஒன்று. எராஸ்மஸ் சொல்லும் இன்னொரு செய்தி எனக்கு மிகப் பிடிக்கும். வில்லியம் குரோசின் என்ற அறிஞர் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் ‘திருச்சபைப் படிநிலை’யைப் பற்றித் தொடர் உரை நிகழ்த்தத் தொடங்கினார்; ஐயப்படுபவர்களைக் கண்டித்துத்தான் ஆரம்பித்தார். சில வாரங்கள் நூலோடு மல்லுக்கட்டிய பிறகு, அதே கூட்டத்தின் முன் நின்று, நான் நினைத்தது தவறு, இது அரயோபாகுவின் நூல் அல்ல என்று அறிவித்தார்.

எல்லாம் சேர்ந்தும், ‘இவர் புரோக்ளஸைப் பார்த்து எழுதியவர்’ என்று நிறுவுவதற்கு 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் ஹூகோ கோக், யோசப் ஸ்டிகல்மயர் என்ற இரு ஜெர்மன் மொழி அறிஞர்கள் ஒருவரையொருவர் சாராமல் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நீங்கள் பென்சிலால் கோடு போட்ட இடம்தான் அவர்களுக்கும் கிடைத்த இடம். தீமை பற்றிய அந்தப் பகுதி, புரோக்ளஸ் அதே பொருளில் எழுதிய தனி நூலின் சுருக்கம்.

ஒற்றுமை மட்டும் இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. பைசாந்திய வாசகர்களும் இந்த ஒற்றுமையைக் கண்டிருந்தார்கள். புரோக்ளஸ்தான் தியோனிசியுவிடமிருந்து எடுத்தார் என்றார்கள். பிளாரன்ஸ் மெய்யியலார் பிச்சீனோவும் அந்தக் கட்சிதான். விடை வாதத்தின் உள்ளேயே இருக்கிறது. சடப்பொருள்தான் தீமையின் வேர் என்று வாதிட்டவர் புளோட்டினஸ். அதை மறுப்பதற்காகவே புரோக்ளஸ் படிப்படியாகப் போகிறார்: தேவதூதர், பேய்கள், ஆன்மாக்கள், விலங்குகள், உடல்கள், கடைசியில் சடப்பொருள். அவருக்கு அங்கே ஒரு எதிராளி இருக்கிறார், சண்டைக்குக் காரணம் இருக்கிறது. தியோனிசியுவிடம் அதே படிகள் ஏறத்தாழ அதே வரிசையில், சுருக்கமாக வருகின்றன. எதிராளியை மட்டும் காணவில்லை. ஒரு வீட்டுச் சண்டையின் ஒரு பக்கத்தை மட்டும் அடுத்த வீட்டிலிருந்து கேட்பது போல இருக்கும்.

புரோக்ளஸின் அந்த நூலின் கிரேக்க மூலம் முழுதாகக் கிடைக்கவில்லை. மோர்பெக்கெ வில்லியம் 1280-ல் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு நமக்கு மிஞ்சியது. கிரேக்கத்தில் கிடைக்கும் பகுதிகளோ, ஈசாக்கு என்ற பைசாந்திய இளவரசர் தன் நூல் என்று எழுதிக்கொண்ட தழுவலில் ஒளிந்திருந்தவை. ஒரு பெயர் மோசடியின் கதையில் இன்னொன்றும் வந்து சேர்ந்துகொண்டது.

அக்வினாஸைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அரிஸ்டாட்டில் எழுதியதாக எண்ணப்பட்ட ‘காரணங்களின் நூல்’, புரோக்ளஸின் ‘இறையியல் மூலங்க’ளிலிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்தவர் அவரே. மோர்பெக்கெ வில்லியம் 1268-ல் புரோக்ளஸின் அந்த நூலை லத்தீனில் தந்ததால் அது முடிந்தது. ஒரு நூலில் மறைந்திருந்த புரோக்ளஸை அடையாளம் கண்டவர், தான் வாழ்நாளெல்லாம் மேற்கோள் காட்டிய தியோனிசியுவில் அவரைக் காணவில்லை. தீமை பற்றிய நூல் லத்தீனுக்கு வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1274-ல், அக்வினாஸ் இறந்துவிட்டார்.

அப்படியானால் உண்மையில் எழுதியவர் யார்? செவேருவே என்றார் ஸ்டிகல்மயர். ஜார்ஜியாவைச் சேர்ந்த ஐபீரியர் பேதுரு என்று நுத்சுபிட்சேவும் ஹோனிக்மனும் வாதிட்டார்கள். ஏதென்ஸ் பள்ளியின் கடைசித் தலைவர் தமாஸ்கியு என்ற கருத்தும் உண்டு. எதுவும் நிலைபெறவில்லை. சிரியா நாட்டுப் பக்கம், கிரேக்கத்தில் எழுதியவர், புரோக்ளஸின் பள்ளியை உள்ளிருந்து அறிந்தவர். இதற்கு மேல் போகாமல் திரும்பிவிடுங்கள். புதியவர்கள் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஆறாம் படி: ஏன் அந்தப் பெயர் என்று கேட்பது

மோசடி என்று தீர்ப்பு எழுதுவது எளிது. பெரிய பெயரின் நிழலில் தன் நூலுக்குப் பாதுகாப்புத் தேடினார் என்பதும் ஓரளவு உண்மையாக இருக்கலாம். கிறிஸ்துவின் இயல்பு ஒன்றா இரண்டா என்று பிரிந்து நின்ற இரு தரப்பையும் சேர்த்துவைக்க 482-ல் பேரரசர் செனோ ஆணை வெளியிட்டும் அணையாத சர்ச்சைக் காலம் அது. லூத்தர் 1520-ல், இவர் கிறிஸ்தவரைவிடப் பிளேட்டோனியரே என்று எழுதித் தள்ளிவிட்டார்.

எனக்கு அந்தத் தீர்ப்புகள் போதவில்லை. கடவுளைப் பற்றிய ஒவ்வொரு பெயரையும் சூட்டி, பிறகு ஒவ்வொன்றையும் கழற்றி வைக்கச் சொல்பவர் தன் சொந்தப் பெயரையும் கழற்றி வைத்திருக்கிறார். ‘இறைப் பெயர்கள்’ நான்காம் அதிகாரத்தில், காதலில் தன்னைவிட்டு வெளியேறியவருக்கு அவர் காட்டும் முன்மாதிரி பவுல். ‘இனி வாழ்பவன் நானல்ல, கிறிஸ்துவே என்னில் வாழ்கிறார்’ என்ற கலாத்தியர் வசனத்தை அங்கே வைக்கிறார். ‘நானல்ல’ என்று சொன்னவரின் சீடர் பெயரில் எழுதுவது அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருக்கலாம் என்று அண்மைக் கால ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். அதை நிறுவ முடியாது. ஆனாலும் நூலை வாசித்தவருக்கு அது பொருத்தமாகப் படும். அதோடு, ஏதென்ஸில் பவுல் செய்ததையே அவரும் செய்வதாக எனக்குத் தோன்றும்: நீங்கள் அறியாமல் வணங்கியதை அறிவிக்கிறேன் என்று புரோக்ளஸின் பள்ளியைப் பார்த்துச் சொல்வது போல இருக்கிறது.

ஏழாம் படி: படிநிலை நூல்கள், வேகமாக

‘படிநிலை’ என்று நாம் மொழிபெயர்க்கும் ‘ஹைராரிக்கி’ என்ற சொல்லே இவர் உருவாக்கியது. ஒன்பது வானதூதர் அணிகள், மும்மூன்றாக. முதல் வாசிப்பில் ‘வானகப் படிநிலை’யின் முதல் மூன்று அதிகாரம் போதும். இரண்டாவது மிக முக்கியம். கடவுளை ஒளி, உயிர் என்று உயர்ந்த உவமைகளால் சொல்வதைவிடப் புழு போன்ற பொருந்தாத உவமைகளால் சொல்வது பாதுகாப்பானது என்கிறார். ஒளி என்றால் அப்படியே நம்பிவிடுவோம். புழு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், உவமையைத் தாண்டி மேலே போவார்கள்.

எட்டாம் படி: ஒரு சொல்லும் ஒரு மடமும்

நூல் போன வழியை அறிய இரண்டு கதைகள். நான்காம் கடிதத்தில் இயேசுவின் செயலைப் ‘புதிய’ இறைமனிதச் செயல் என்கிறார். 633-ல் அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவப் பிரிவுகளை ஒன்றுசேர்க்க எழுதிய உடன்படிக்கையில் அது ‘ஒரே’ இறைமனிதச் செயல் என்று வந்தது. ஒரு சொல் மாறியதில் கிறிஸ்துவுக்கு எத்தனை செயல்கள், எத்தனை விருப்பங்கள் என்ற பெரும் சண்டை மூண்டது.

இரண்டாவது பிரான்சில். 827-ல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மிக்கேல், லூயி மன்னருக்கு இந்த நூல்தொகுதியின் கிரேக்கப் பிரதியைப் பரிசாக அனுப்பினார். பாரிஸ் அருகே புனித தெனி மடத்தின் தலைவர் ஹில்துயின் அதை லத்தீனில் ஆக்கினார். தெனி என்பதும் தியோனிசியு என்பதும் ஒரே பெயர். பவுலின் சீடர், பாரிசின் மறைசாட்சி ஆயர், நூலாசிரியர் என்று மூன்று பேர் அவர் கையில் ஒருவராகிவிட்டார்கள். அதே மடத்தில் துறவியாக இருந்த அபேலார்ட், 12-ஆம் நூற்றாண்டில், பீட் என்ற பழைய ஆங்கிலேய ஆசிரியரின் ஒரு வரியைக் காட்டி இந்த அடையாளத்தைக் கேள்வி கேட்டார். மடமே கொதித்தெழுந்தது, இரவோடு இரவாக அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

கடைசியாக: மூன்றாம் கடிதம்

‘மறைபொருள் இறையியலை’ இன்னொருமுறை வாசித்துவிட்டு, துறவி காயுவுக்கு எழுதிய மூன்றாம் கடிதத்துக்கு வாருங்கள். சில வரிகளே. ‘திடீரென’ என்ற ஒரே சொல்லை விளக்குகிறார்: மறைந்திருந்தது எதிர்பாராமல் வெளியே வருவதுதான் திடீர், கிறிஸ்து மனிதரானது அப்படித்தான், ஆனால் வெளிப்பட்ட பின்னும் அவர் மறைந்தே இருக்கிறார், வெளிப்பாட்டின் உள்ளேயே மறைந்திருக்கிறார்.

நோட்டை எடுங்கள். வலப்பக்கம்: பிளேட்டோவின் ‘பார்மெனிடீஸ்’ உரையாடலில் அசைவுக்கும் நிலைக்கும் நடுவே நிற்கும் கணத்துக்கு இதே கிரேக்கச் சொல், ‘விருந்து’ உரையாடலில் காதலன் பேரழகைக் காணும் கணத்துக்கும் இதே சொல். இடப்பக்கம்: திருத்தூதர் பணிகள் 9:3. பவுல் தமஸ்கு போகும் சாலையில் ஒளி அவரைச் சூழ்ந்த இடம். பழைய தமிழ் விவிலியம் அங்கே ‘சடிதியிலே’ என்கிறது. கிரேக்கத்தில் அதே சொல்தான். கோட்டின் இரண்டு பக்கமும் அதை எழுதுங்கள்.